அருண் கேத்தர்பால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் 16 வந்தால் போதும், கறுப்புத் தொப்பி அணிந்த ஓர் இளைஞரின் படமும், ரேடியோவில் அவர் சொன்ன கடைசி வார்த்தைகளும் கைப்பேசிக்குக் கைப்பேசி பறக்கத் தொடங்கிவிடும். கூடவே பத்து டாங்கிகளைத் தனியாளாக அழித்தார், ஒரு படையையே ஒற்றையாகத் தடுத்தார் என்றும் எழுதுவார்கள். அவருடைய கதைக்கு இந்த ஒப்பனை தேவையே இல்லை. நண்பர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இவர்?

செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால். இந்திய ராணுவத்தின் 17 பூனா ஹார்ஸ் என்ற டாங்கி ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில், ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் ஜர்பால் கிராமத்தருகே டிசம்பர் 16 அன்று நடந்த டாங்கிச் சண்டையில் இறந்தார். இறந்தபின் அவருக்குப் போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது.

பிறந்தது 1950 அக்டோபர் 14, புனேயில். இறக்கும்போது வயது 21. அதிகாரியாகப் பொறுப்பேற்றது 1971 ஜூன் 13. ஆக, அதிகாரியாக அவர் சேவை செய்த காலம் மொத்தம் ஆறு மாதமும் மூன்று நாளும்தான். "வாழ்க்கையும் சேவையும்" என்று தலைப்புப் போட்டு எழுத உட்கார்ந்தால், சேவை என்ற பகுதி ஒரே காலைப்பொழுதில் முடிந்துவிடுகிறது.

ராணுவக் குடும்பமா?

ஆம், பல தலைமுறையாக. தந்தை எம். எல். கேத்தர்பால் ராணுவப் பொறியாளர் பிரிவில் அதிகாரி; பிற்பாடு பிரிகேடியர் ஆனவர். தாத்தா முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவர். கொள்ளுத்தாத்தா சீக்கியப் படையில் இருந்து சிலியன்வாலாவில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவர் என்று குடும்பத்தில் சொல்வார்கள். பூர்வீகம் சர்கோதா. பிரிவினைக்குப் பிறகு அது பாகிஸ்தானில் போய்விட்டது. இந்த ஊர்ப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

படித்தது இமாசலப் பிரதேசத்தில் சனாவரில் உள்ள லாரன்ஸ் பள்ளியில். ஊட்டிப் பக்கம் லவ்டேலில் இருக்கும் லாரன்ஸ் பள்ளியை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. இரண்டும் ஒரே லாரன்ஸின் பெயரால் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்டவை. 1967 ஜூனில் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்தார். அங்கு அவர் இருந்த மாணவர் அணி ஃபாக்ஸ்ட்ராட் ஸ்குவாட்ரன். அதன்பின் டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி.

செகண்ட் லெப்டினன்ட் என்றால் என்ன பதவி?

அதிகாரிகளில் அதுதான் முதல் படி. இன்று இந்திய ராணுவத்தில் அந்தப் பதவியே இல்லை; பயிற்சி முடித்து வருகிறவர் நேரடியாக லெப்டினன்ட் ஆகிறார்.

பயிற்சியை முடிக்காமலே போருக்குப் போனார் என்பது உண்மையா?

பாதி உண்மை. ராணுவ அகாடமிப் பயிற்சியை முழுமையாக முடித்திருந்தார். டாங்கிப் படையில் சேரும் இளம் அதிகாரிகளுக்கு அகமத்நகரில் தனியாக ஒரு பயிற்சி வகுப்பு உண்டு. போர் நெருங்கியதால் அதில் படித்துக்கொண்டிருந்தவர்களை அவரவர் ரெஜிமென்ட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். கேத்தர்பால் அப்படித் திரும்பியவர்.

வழியில் வீட்டுக்குப் போனபோது நடந்ததாக ஒரு செய்தியைக் குடும்பத்தார் சொல்வதுண்டு. போருக்குப் போகிற பையன் பெட்டியில் கோல்ஃப் மட்டைகளையும், விருந்துகளுக்கு அணியும் நீலச் சீருடையையும் எடுத்து வைத்தானாம். எதற்கு என்று கேட்டால், லாகூரில் கோல்ஃப் ஆட வேண்டும், வெற்றி விருந்துக்கு உடை வேண்டாமா என்றானாம். இருபத்தொரு வயதுப் பையன் பேசுகிற பேச்சாகத்தான் எனக்கு இது படுகிறது. இதைத் தேசபக்தி முழக்கமாக மாற்றிச் சொல்கிறவர்கள் அந்தக் குறும்பைக் கொன்றுவிடுகிறார்கள்.

கோழையாகத் திரும்பி வராதே என்று அம்மா சொல்லி அனுப்பினார் என்பதும் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. உடனே சங்கத் தாயை இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தாத தமிழ்க் கட்டுரையே இல்லை. நான் அதைச் செய்யப்போவதில்லை. கணவரையும் ராணுவத்துக்கு அனுப்பிப் பழகிய வீட்டில், வாசலில் நின்று வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

பசந்தரில் சண்டை எதற்காக?

ஜம்முவுக்கும் பஞ்சாபுக்கும் இடையே பாகிஸ்தான் நிலம் இந்தியப் பக்கமாகப் புடைத்துக்கொண்டு நிற்கும் இடம்தான் ஷகர்கர். அங்கிருந்து ஒரு படை வடகிழக்கே பாய்ந்தால் பதான்கோட்-ஜம்மு சாலையை வெட்டிவிடலாம். அந்தச் சாலை போனால் ஜம்மு காஷ்மீரில் இருக்கும் படைக்குச் சோறும் இல்லை, குண்டும் இல்லை. ஆகவே அவர்கள் வருவதற்கு முன் நாமே உள்ளே போய்விடுவது என்று முடிவாயிற்று. டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத் தளங்களைத் தாக்கியதும் மேற்கிலும் போர் மூண்டது. 54-ஆவது காலாட்படை டிவிஷனும், டாங்கிகள் கொண்ட 16-ஆவது கவசப் பிரிகேடும் ஷகர்கருக்குள் முன்னேறின.

தடையாக இருந்தது பசந்தர் ஆறு மட்டுமல்ல. ஆற்றுக்கு இருபுறமும் பாகிஸ்தான் ராணுவம் அகலமாகக் கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்திருந்தது. டிசம்பர் 15 இரவு காலாட்படை ஆற்றைக் கடந்து அக்கரையில் காலூன்றிவிட்டது. ஆனால் டாங்கிகள் போக வேண்டுமானால் பொறியாளர்கள் கண்ணிவெடிகளை அகற்றிப் பாதை போட வேண்டும். அந்த வேலை பாதி நடந்துகொண்டிருக்கும்போதே, அக்கரையில் எதிரி டாங்கிகளின் நடமாட்டம் தெரிகிறது, உடனே டாங்கி அனுப்புங்கள் என்று காலாட்படையினர் கேட்டார்கள்.

டாங்கி இல்லாத காலாட்படை திறந்த வயலில் டாங்கிகளை எதிர்கொள்வது என்றால் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. பூனா ஹார்ஸின் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஹனூத் சிங் காத்திருக்கவில்லை. முழுதாகச் சுத்தமாகாத கண்ணிவெடி வயலின் வழியே இருட்டில் டாங்கிகளை விட்டார். அவை அக்கரை போய்ச் சேர்ந்தன. இந்தப் போரில் எனக்கு மிகவும் வியப்பூட்டும் முடிவு இது. ஒரு ரெஜிமென்ட்டையே ஒரே இரவில் இழந்திருக்கக்கூடிய முடிவும்கூட.

டிசம்பர் 16 காலையில் என்ன நடந்தது?

முதலில் ஒரு சின்ன விவரம். ஒரு டாங்கி ரெஜிமென்ட்டில் பல ஸ்குவாட்ரன்கள் இருக்கும். கேத்தர்பால் இருந்தது 'ஏ' ஸ்குவாட்ரன். ஜர்பாலில் நின்றுகொண்டிருந்தது 'பி' ஸ்குவாட்ரன். பாகிஸ்தானின் கவசப்படை எதிர்த்தாக்குதலைத் தொடங்கியது. எண்ணிக்கையில் அவர்கள் அதிகம். 'பி' ஸ்குவாட்ரன் தளபதி ரேடியோவில் உதவி கேட்டார்.

அந்த அழைப்பு கேத்தர்பாலின் பெயருக்கு வந்ததில்லை. காதில் விழுந்தது, தன் டாங்கிகளோடு தாமாகவே கிளம்பினார். விருதுக் குறிப்பிலும் அவர் தாமாக முன்வந்து போனார் என்றுதான் இருக்கிறது. கடைசி ரேடியோ வார்த்தைகளுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட இந்த வரிக்குக் கிடைக்கவில்லை என்பது என் குறை. அந்தக் காலையின் பெரிய முடிவை அவர் எடுத்தது கிளம்பிய அந்த நொடியில்தான். அதன்பின் நடந்ததெல்லாம் அதன் தொடர்ச்சி.

ஆற்றைக் கடக்கும் வழியில், இன்னும் வீழாமல் இருந்த எதிரியின் அரண்களிலிருந்தும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளிலிருந்தும் குண்டுகள் வந்தன. சுற்றிப் போக நேரம் இல்லை. நேராக அவற்றின் மேலேயே டாங்கிகளை ஏற்றினார்கள். அங்கிருந்த வீரர்களைக் கைத்துப்பாக்கி முனையில் பிடித்தார்கள். இந்தக் கட்டத்திலேயே கேத்தர்பாலின் குழுவில் ஒரு டாங்கியின் தலைவர் இறந்தார். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது முதல் தாக்குதலுக்கு வந்த பாகிஸ்தான் டாங்கிகள் பின்வாங்கிக்கொண்டிருந்தன. கேத்தர்பால் துரத்திக்கொண்டு போய் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார். வேகத்தில் மெய்மறந்துவிட்டார் என்ற பொருளில்தான் விருதுக் குறிப்பும் இதைச் சொல்கிறது. அரசு ஆவணத்துக்கு அது அபூர்வமான நேர்மை.

பிறகு பெரிய அலை வந்தது. பாகிஸ்தானின் 13 லான்சர்ஸ் ரெஜிமென்ட் பேட்டன் டாங்கிகளோடு ஒரு ஸ்குவாட்ரன் அளவில் மீண்டும் வந்தது. அவர்கள் குறிவைத்த இடத்தில் இந்தியப் பக்கம் இருந்தவை மூன்றே மூன்று சென்டூரியன் டாங்கிகள்: கேப்டன் மல்ஹோத்ரா, லெப்டினன்ட் அலாவத், கேத்தர்பால். சண்டை முற்றியதில் அலாவத்தின் டாங்கி அடிபட்டது. மல்ஹோத்ராவின் பீரங்கி பழுதாகிச் சுட மறுத்தது. மிஞ்சியது ஒன்று.

அந்த ஒன்றும் அடிபட்டுத் தீப்பிடித்தது. டாங்கியை விட்டு வெளியேறு என்று ரேடியோவில் உத்தரவு வந்தது. தன் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, வெளியேற மாட்டேன் என்று பதில் சொன்னார். அந்தப் பதிலின் கடைசியில் எதிரியைப் பற்றி ஒரு கொச்சைச் சொல் உண்டு. மேடைகளில் அதை மட்டும் நாசூக்காக விழுங்கிவிடுவார்கள். ரேடியோவை அணைத்தார். மேலும் ஒரு டாங்கியைச் சுட்டார். அதன் பின் விழுந்த இரண்டாவது அடியில் இறந்தார்.

உத்தரவை மீறியது ஒழுங்கீனம் இல்லையா?

நல்ல கேள்வி. பள்ளி மாணவர்கள்தான் இதைக் கேட்பார்கள், பெரியவர்களுக்குக் கேட்கத் தோன்றுவதில்லை.

வெளியேறச் சொன்ன உத்தரவு அவருடைய உயிரைக் காப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. அவர் கணக்கு வேறாக இருந்தது: மற்ற இரண்டும் செயலிழந்த நிலையில் தானும் இறங்கிவிட்டால் அந்த இடைவெளி வழியே எதிரி புகுந்துவிடுவான். எரியும் டாங்கிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு, தூரத்தில் இருக்கிற மேலதிகாரிக்குத் தெரியாத ஒன்று கண்ணெதிரே தெரிகிறது. ராணுவமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் இதையே விதியாக வைத்துக்கொண்டால் எந்த ராணுவமும் நடக்காது. டாங்கிக்குள் அவரோடு மூன்று பேர் இருந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அந்த மூன்று பேர் யார்?

ஓட்டுநர் பிரயாக் சிங், பீரங்கியைச் சுடுபவர் நத்து சிங், ரேடியோவைக் கவனித்தவர் நந்த் சிங். மூவரும் சவார்கள், குதிரைப்படை மரபில் வந்த ரெஜிமென்ட்டில் சிப்பாயை அப்படித்தான் அழைப்பார்கள். நந்த் சிங்கும் அந்த டாங்கியிலேயே இறந்தார். மற்ற இருவர் காயங்களோடு பிழைத்தார்கள்.

பீரங்கியைக் குறிபார்த்துச் சுட்டது நத்து சிங். எந்தப் பக்கம், எதை, எப்போது என்று சொன்னது கேத்தர்பால். "கேத்தர்பால் சுட்டார்" என்று நானும் மேலே எழுதியிருக்கிறேன், வழக்கம் அப்படி. ஒரு டாங்கி சுடுகிறது என்றால் நான்கு பேர் சேர்ந்து சுடுகிறார்கள்.

அவர் அழித்தவை எத்தனை டாங்கிகள்? பத்தா?

பத்து என்பது அந்தப் பெரிய மோதலில் மூன்று இந்திய டாங்கிகளும் சேர்ந்து அழித்தவை. விருதுக் குறிப்பின்படி, அவற்றில் காயமடைவதற்கு முன் கேத்தர்பால் தாமே அழித்தவை நான்கு. வெளியேற மறுத்தபின் இன்னும் ஒன்று. அதற்கு முன் துரத்திச் சென்று வீழ்த்தியது ஒன்று. இதற்கு மேல் கூட்டிச் சொல்வதால் அவருக்கு ஒரு பெருமையும் சேரப்போவதில்லை; மல்ஹோத்ராவுக்கும் அலாவத்துக்கும் உரியது குறைகிறது, அவ்வளவுதான்.

தனியொருவராகப் போரின் போக்கையே மாற்றினாரா?

அந்த இடத்தில், அந்த மணிநேரத்தில், மாற்றினார் என்று சொல்லலாம். எதிரில் நின்றவர்களே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பசந்தர் பலருடைய சண்டை. கண்ணிவெடி அகற்றிய பொறியாளர்களில் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி உயிரிழந்தார், பரம்வீர் சக்ராவுக்கு அடுத்த விருதான மகாவீர் சக்ரா பெற்றார். ஜர்பாலைக் காலாட்படையோடு பிடித்து வைத்திருந்த 3 கிரனேடியர்ஸின் மேஜர் ஹோஷியார் சிங், அடுத்தடுத்த தாக்குதல்களைத் தாங்கி உயிரோடு பரம்வீர் சக்ரா பெற்றார். ஹனூத் சிங்குக்கும் மகாவீர் சக்ரா கிடைத்தது. 17-ஆம் தேதி மாலை எட்டு மணிக்குப் போர்நிறுத்தம் அமலாகும்வரை அங்கே சண்டை ஓயவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 17-ஆம் தேதி 3 கிரனேடியர்ஸ் மீது பாய்ந்து வந்து இறந்த பாகிஸ்தான் தளபதி லெப்டினன்ட் கர்னல் அக்ரம் ராஜாவின் துணிவை, எதிரில் நின்ற இந்தியத் தளபதியே எழுத்தில் பாராட்டினார். அவருடைய நாடு அவருக்கு ஹிலால்-இ-ஜுரத் விருது அளித்தது.

இந்தச் சண்டையில் தமிழர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். ஆற்றைக் கடந்து அக்கரையில் முதலில் காலூன்றிய காலாட்படையில் மதராஸ் ரெஜிமென்ட்டின் 16-ஆவது பட்டாலியனும் ஒன்று. தென்மாநிலங்கள் அனைத்திலிருந்தும் ஆள் சேர்க்கும் ரெஜிமென்ட் அது. குன்னூரை அடுத்த வெலிங்டனில் அதன் தலைமை மையம் இருக்கிறது. "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற அதன் போர்முழக்கம் பசந்தர் கரையிலும் கேட்டிருக்கும். அந்தப் பட்டாலியனின் தளபதி லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் கய், எதிர்த்தாக்குதலைத் தாங்கி நின்று உயிரிழந்தார். அவருக்கும் மகாவீர் சக்ரா. கேத்தர்பாலைப் பற்றி இத்தனை கேள்வி கேட்கும் நாம், நம் ஊர்ப் பிள்ளைகள் இருந்த பட்டாலியனைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

வீட்டுக்குச் செய்தி எப்போது போனது?

அவர் இறந்த அதே 16-ஆம் தேதி மாலை நாலரை மணியளவில் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. நாடு முழுவதும் பட்டாசு. மறுநாள் மேற்கிலும் போர் நின்றது. உடலை 17-ஆம் தேதி சாம்பா அருகே தகனம் செய்தார்கள். போர் முடிந்துவிட்டது, பையன் வந்துவிடுவான் என்று எதிர்பார்த்திருந்த வீட்டுக்குச் சில நாள் கழித்தே செய்தி வந்தது. வந்து சேர்ந்தது அஸ்தி.

அவரைக் கொன்றவரைத் தந்தை சந்தித்தார் என்கிறார்களே, அது கட்டுக்கதையா?

இல்லை, நடந்தது. 2001-இல் பிரிகேடியர் கேத்தர்பாலுக்கு வயது 81. சாவதற்குள் ஒருமுறை பிறந்த ஊரான சர்கோதாவைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் பாகிஸ்தான் போனார். அங்கே அவரை விருந்தினராக ஏற்றுக்கொண்டவர் ஓய்வுபெற்ற பிரிகேடியர் குவாஜா முகமது நாசர். வீட்டில் வைத்து, குடும்பமே விழுந்து விழுந்து உபசரித்தது. இவ்வளவு மரியாதை எதற்கென்று முதியவருக்குப் புரியவில்லை.

கிளம்புவதற்கு முந்தின இரவு நாசர் சொன்னார். 16-ஆம் தேதி காலையில் 13 லான்சர்ஸின் தாக்குதலை நடத்தி வந்தது தாம்தான் என்றும், அருணின் டாங்கியை வீழ்த்தியது தம் குண்டுதான் என்றும் சொன்னார். அன்று தம் தாக்குதல் தோற்றதற்குக் காரணமே அந்தப் பையன்தான் என்றும், மோதிய பின்னரே அவன் எவ்வளவு இளையவன் என்று தெரிந்துகொண்டதாகவும் சொன்னார்.

தந்தை என்ன செய்தார்? அவரும் ராணுவத்தார், எதிரிலிருந்தவர் தம் கடமையைச் செய்தார் என்பதை மறுக்க முடியாது. அவர்களுடைய வீட்டுச் சோற்றை மூன்று நாளாக உண்டிருக்கிறார். இருவரும் பகையில்லாமல்தான் பிரிந்தார்கள். இதை இரு நாட்டு நல்லுறவுக்கு உதாரணமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த இரவைப் பற்றி வேறொன்று தோன்றும்: முப்பது ஆண்டுகளாக நாசர் இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வைத்திருந்திருக்கிறார். அதைச் சொல்லத் தகுந்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவரே பெட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

பரம்வீர் சக்ரா எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது?

இதுவரை 21 பேருக்கு. அவர்களில் 14 பேர் இறந்தபின் பெற்றவர்கள். 1971 போருக்கு மட்டும் நான்கு: ஆல்பர்ட் எக்கா, விமானப்படையின் நிர்மல்ஜித் சிங் சேகோன், கேத்தர்பால், ஹோஷியார் சிங். பூனா ஹார்ஸுக்கு இது இரண்டாவது. 1965-இல் அதன் தளபதி லெப்டினன்ட் கர்னல் தாராபோர் ஷகர்கரை அடுத்த சியால்கோட் பக்கத்துச் சண்டையில் இறந்து முதலாவதைப் பெற்றார். அவர் இறந்தது செப்டம்பர் 16.

'தியாகி' என்று எழுதலாமா, 'வீரமரணம்' என்று எழுதலாமா?

'தியாகி' என்பதற்கு ஈடாக வழங்கும் 'மார்ட்டியர்' என்ற ஆங்கிலச் சொல்லை இந்திய ராணுவம் அதிகாரபூர்வமாகப் பயன்படுத்துவதில்லை. நம்பிக்கைக்காகக் கொல்லப்படுகிறவரைக் குறிக்கும் சொல் அது என்பதே காரணம். 2022-இல் தன் பிரிவுகளுக்கும் இதை நினைவூட்டியது. தமிழில் 'வீரமரணம்' என்பது பழகிய, பொருத்தமான சொல். 'போரில் கொல்லப்பட்டார்' என்று எழுதினாலும் அவமதிப்பு ஒன்றுமில்லை.

அந்த டாங்கி இப்போது எங்கே? ஜர்பாலுக்குப் போக முடியுமா?

டாங்கியின் பெயர் ஃபாமகுஸ்தா. சைப்ரஸ் தீவிலுள்ள ஒரு துறைமுக நகரின் பெயர். தாராபோரின் டாங்கிக்கு குஷாப் என்று பெயர். ரெஜிமென்ட்டின் டாங்கிகளுக்கு இப்படிப் பெயர் சூட்டும் வழக்கம் உண்டு. ஃபாமகுஸ்தாவைப் பழுது பார்த்து அகமத்நகரில் வைத்திருக்கிறார்கள், அவர் பாதியில் விட்டுவந்த பயிற்சி நடந்த அதே ஊரில். தேசியப் பாதுகாப்பு அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்கு அவர் பெயர். 2023-இல் பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயர்களை அந்தமானில் 21 தீவுகளுக்குச் சூட்டியபோது ஒரு தீவு அவருக்குக் கிடைத்தது.

ஜர்பாலுக்குப் போக முடியாது. 1972 சிம்லா ஒப்பந்தப்படி, ஷகர்கரில் பிடித்த நிலத்தை இந்தியா திருப்பிக் கொடுத்துவிட்டது. அந்த வயல்கள் பாகிஸ்தானில் இருக்கின்றன.